நாய்க்குப் பாவம் உண்டா?



ஆறு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபின், ஞானோபதேச வகுப்பில் சாவான பாவத்துக்குரிய மூன்று நிபந்தனைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். காரியம் கனமானதாயிருக்க வேண்டும். செய்கிறவனுக்கு முழு அறிவு இருக்க வேண்டும். முழு மனச் சம்மதமும் இருக்க வேண்டும். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான்.

"சாமி, எங்க அப்பத்தா கோழியைக் கடிச்சுப்போட்ட உங்க நாய்க்குப் பாவம் உண்டா?"

பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நாய்க்குப் பாவம் கிடையாது, உட்கார்" என்றேன். அவன் உட்காரவில்லை. "அப்ப அந்தப் பாவம் யாருக்குச் சாமி?" என்றான்.

இந்த இரண்டாம் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. "பிறகு சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். பதிலைச் சொல்லுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. அந்த வேலை ஓரளவு முடிந்த பிறகே இதை எழுதுகிறேன். நம் பங்கில் நாய் வளர்க்கும் வீடுகள் பல. கோழி வளர்க்கும் வீடுகள் அதைவிடப் பல. ஆகவே இது அந்தச் சிறுவனுக்கு மட்டும் உரிய பதில் என்று எண்ணாமல் எல்லாரும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

நடந்தது இது. சென்ற ஆண்டு யாரோ ஒருவர் ஒரு நாய்க்குட்டியை நம் அறைவீட்டு வாசலில் விட்டுப் போனார். நாட்டு நாய்தான். ஆனால் அதன் நீண்ட கால்களையும் ஒட்டிய வயிற்றையும் கூர்மையான முகத்தையும் பார்த்தவர்கள், கன்னி நாயின் இரத்தம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றார்கள். டைகர் என்று பெயர் வைத்தோம். இரவில் கோயில் சுவரோரம் யார் நடந்தாலும் குரைக்கும், எனக்குப் பெருமையாயிருந்தது. ஒரு நாள் காலையில் வேப்பமரத்தடியில் ஓர் அணிலைப் பிடித்துக் கொன்று, கொண்டுவந்து என் காலடியில் போட்டது. நான் என்ன செய்தேன்? "அடடே, என்ன வேகம்!" என்று அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அன்று வந்தவர்களிடமெல்லாம் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னேன்.

மூன்று வாரம் கழிந்தது. கோயிலுக்குப் பின்புறம் குடியிருக்கும் ஒரு விதவைத் தாயின் கோழி, ஒன்பது குஞ்சுகளோடு வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தது. டைகர் வேலியைத் தாண்டிக் குதித்து அந்தத் தாய்க்கோழியின் கழுத்தைக் கவ்வி உதறிவிட்டது. எனக்கு ஆத்திரமும் வெட்கமும் ஒருசேர வந்தன. கையில் அகப்பட்ட கம்பால் நாயை அடித்தேன். சத்தம் கேட்டு அந்த அம்மாள் வந்தார். செத்த கோழியைப் பார்த்தார். என் கையிலிருந்த கம்பையும் பார்த்தார்.

"அடிச்சு என்ன சாமி ஆகப்போவுது? அணிலைப் பிடிச்சப்பத் தட்டிக்குடுத்தீக, கோழியைப் பிடிச்சப்ப அடிக்கிறீக. வாயில்லாச் சீவனுக்கு என்னா தெரியும்?" என்றார்.

குருமடத்தில் பல ஆண்டுகள் நான் படித்த நீதிசாஸ்திரம் முழுவதும் அந்தச் சொல்லில் அடங்கியிருந்தது.

முதற்கேள்விக்குப் பதில் எளிது. பாவம் செய்வதற்குப் புத்தியும் சுயாதீனமும் வேண்டும். நாய்க்கு உணர்வு உண்டு, ஞாபகம் உண்டு, அன்பும் பயமும் உண்டு. ஆனால் 'இது பிறர் உடைமை, இதைத் தொடலாகாது' என்று நிதானித்துத் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் மனச்சாட்சி அதற்கு இல்லை. அர்ச். அக்குவீனாஸ் தோமையார் கற்பித்தபடி மிருகங்கள் இயற்கையின் தூண்டுதலால் நடக்கின்றன. மனிதனே ஆலோசித்துத் தெரிந்துகொண்டு நடக்கிறான். ஆதலால் டைகர் செய்தது பாவம் அன்று. அதை நான் அடித்தது நீதியும் அன்று. என் வெட்கத்தை அதன் முதுகில் இறக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

இனி இரண்டாம் கேள்வி. இதற்கு மோயீசனின் நியாயப்பிரமாணத்திலேயே தெளிவான விடை இருக்கிறது. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தின் கடைசியில், ஒருவனுடைய மாடு இன்னொருவனுடைய மாட்டை முட்டிக் கொன்றால் என்ன செய்வது என்று சொல்லப்பட்டிருக்கிறது. அது எதிர்பாராத விபத்தானால் நஷ்டத்தை இருவரும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த மாடு முட்டும் மாடு என்பது முன்னமே தெரிந்திருந்தும் சொந்தக்காரன் அதைக் கட்டி வைக்காமல் விட்டிருந்தால், பங்கு பிரிப்பதற்கு இடமில்லை. மாட்டுக்கு மாடு அவனே கொடுக்கவேண்டும்.

பாருங்கள், இரண்டு சமயத்திலும் மாடு ஒன்றே, முட்டியதும் ஒன்றே. மாறியது என்ன? சொந்தக்காரனுடைய அறிவு. அவன் தெரிந்துகொண்ட நாள்முதல் குற்றம் மாட்டின் கொம்பிலிருந்து அவன் தலைக்கு ஏறிவிடுகிறது. டைகர் அணிலைக் கொன்ற அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வேலியைத் தாண்டியது நாயின் கால். அதைத் தாண்டவிட்டது என் அசட்டை.

இப்படிச் சொன்னால் சிலர் இரண்டு நியாயம் சொல்லக்கூடும். நானே எனக்குள் சொல்லிப் பார்த்தவைதான்.

முதல் நியாயம்: "துரத்துவதும் கடிப்பதும் நாயின் சுபாவம். சர்வேசுரன் அதை அப்படிப் படைத்தார். சுபாவத்தை மாற்ற நாம் யார்?"

சுபாவம் என்பது உண்மைதான். ஓநாயின் வழிவந்தது நாய். கூர்ந்து பார்த்தல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என்று படிப்படியாய் வரும் வேட்டைத் தொழில் அதன் இரத்தத்தில் ஊறியது. மனிதன் தன் தேவைக்கேற்ப ஒவ்வோர் இனத்தில் ஒவ்வொரு படியை வளர்த்தெடுத்தான். நம் தென்னாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. அந்த வேகத்தை விரும்பி வளர்த்தது மனிதன். பின்பு வேகம் கோழியின்மேல் பாயும்போது 'நாயின் சுபாவம்' என்று கையை விரிப்பது எப்படி நியாயமாகும்?

மேலும் சுபாவம் கெட்டது அன்று. திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. எஜமான் இறந்தபின்னும் விட்டுப் போகாமல் நின்று கள்வர் இருவரைக் கடித்த நாய் அது. கோழியின் கழுத்தைக் கவ்வுவதும் கள்வனின் காலைக் கவ்வுவதும் ஒரே பல். அந்தப் பல்லுக்கு வழி காட்டியவன் யார் என்பதில்தான் வேறுபாடு.

இதை நம் புதுக்கோட்டைச் சீமையாருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தை பிறந்தால் ஜல்லிக்கட்டு நடக்காத பக்கம் ஏது? வாடிவாசலில் திமில்மேல் கைவைக்க வந்தவனைச் சுழற்றி எறியும் காளை, வீடு திரும்பியதும் பத்து வயதுப் பெண்பிள்ளையின் கையிலுள்ள கயிற்றுக்கு அடங்கித் தொழுவில் நிற்கிறது. அதன் வீரத்தை யாரும் பிடுங்கிவிடவில்லை. எங்கே பாயவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று கன்றுப் பருவமுதல் ஒருவன் பக்கத்திலிருந்து பழக்கியிருக்கிறான். காளைக்குக் கொடுக்கும் பொறுமையில் கால்வாசியை நாய்க்குக் கொடுத்தால் போதும்.

இரண்டாம் நியாயம்: "செத்தது கோழிதானே. அணில்தானே. இதற்கு இத்தனை பேச்சா?"

அந்த விதவைத் தாய்க்குக் கோழி என்பது வெறும் கோழி அன்று. முட்டை விற்ற காசில்தான் பேரனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குகிறார். யாத்திராகமச் சட்டப்படி நான் அன்று மாலையே ஆலங்குடியில் ஒரு கோழி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். வாங்கிக்கொண்டார். ஆனால் தாயை இழந்த ஒன்பது குஞ்சுகளைப் புதுக்கோழி அண்டவிடாமல் கொத்தி விரட்டியது. ஐந்து குஞ்சுகள் பருந்துக்கும் காக்கைக்கும் இரையாயின. அவற்றுக்கு நான் என்ன கொடுத்து ஈடு செய்வது? நஷ்டஈடு கொடுத்தவுடன் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோழிக்குச் சொந்தக்காரர் உண்டு. அணிலுக்கும் காட்டு முயலுக்கும் மயில் குஞ்சுக்கும் யார் வந்து கேட்பார்? நம் ஊரைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்பிலும் தைலமரக் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் இவை தாமாகப் பிழைத்துக் கிடக்கின்றன. மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலையும் உடும்பையும் காட்டு முயலையும் வேட்டையாடுவது குற்றம். நாயை ஏவித் துரத்துவதும் வேட்டையே. பாரி வேட்டை, முயல் வேட்டை என்று முன்னோர் செய்தார்கள் என்பது இன்று சமாதானமாகாது.

நகரத்திலும் இதே தொல்லை எழுந்ததுண்டு. சென்னையில் கிண்டிக் காட்டையொட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் புள்ளிமான்களும் வெளிமான்களும் வாழ்கின்றன. அங்கே நாய்கள் மான்களைத் துரத்திக் கொன்றதனால் நாய்களை அடைத்து வைத்தார்கள். அது சரியா என்ற விவாதம் 2021-இல் உயர்நீதிமன்றம் வரை போயிற்று. நாய்க்காக இரங்கியவர்களும் உண்டு. மானுக்காக இரங்கியவர்களும் உண்டு. இருவர் இரக்கமும் மெய்யானதே. ஆனால் மான் செத்து, நாய் கூண்டில் அடைபட்ட பிறகு வரும் இரக்கம் காலம் கடந்தது. காலத்தில் செய்யவேண்டிய இரக்கத்துக்குப் பெயர் பழக்குதல்.

அர்ச். தோமையார் மிருகங்களை வதைப்பதை ஏன் கண்டித்தார் தெரியுமா? மிருகத்தினிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் அதைக் காட்டுவான் என்பதற்காக. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேச நூல், மிருகங்கள் சர்வேசுரனுடைய சிருஷ்டிகள், அவற்றை வீணாகத் துன்புறுத்துவதும் கொல்லுவதும் மனிதனுடைய மாண்புக்கே தகாது என்று கற்பிக்கிறது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சீ' என்னும் நிருபத்தில், ஒவ்வொரு சிருஷ்டிக்கும் நம் உபயோகத்துக்கு அப்பாற்பட்ட தனி மதிப்பு உண்டு என்று வற்புறுத்தினார். அணிலின் சாவைச் சிரிப்புக் கதையாகச் சொன்ன என் வாய்க்கு இந்தப் போதனை உறைத்தது.

இனி, எப்படிப் பழக்குவது? இந்த ஆறு மாதத்தில் கால்நடை மருத்துவரைக் கேட்டும், புத்தகங்களை வாசித்தும், தவறு செய்து திருந்தியும் நான் கற்றவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, காலம் தவறாதீர்கள். ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் நெடுங்காலம் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலில், நாய்க்குட்டியின் மூன்றாம் வாரம் முதல் சுமார் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே அது யாரை உறவாகக் கொள்ளும் என்பதைத் தீர்மானிக்கும் காலம் என்று காட்டினார்கள். ஐரோப்பிய மலைநாடுகளில் ஆட்டுக் கிடையைக் காக்கும் நாய்களை இந்தப் பருவத்திலேயே ஆடுகளுக்கு நடுவில் வளர்க்கிறார்கள். உங்கள் குட்டியையும் இந்த வயதில் கோழி, ஆடு, பூனை இவற்றின் அருகே, உங்கள் கண்பார்வையில், அமைதியாக இருக்கப் பழக்குங்கள்.

இரண்டாவது, துரத்துவதற்கு இடமே கொடாதீர்கள். துரத்துவதே நாய்க்கு ஆனந்தம். பிடித்துத் தின்னவேண்டும் என்பதில்லை. வயிறு நிறையச் சோறு போட்டாலும் அந்த ஆசை போகாது. ஒவ்வொரு தடவை துரத்தும்போதும் பழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றும். ஆகையால் பழகும்வரை வெளியே கொண்டுபோகையில் நீளமான கயிறு கையில் இருக்கட்டும்.

மூன்றாவது, 'வா', 'விடு' என்ற இரண்டு சொற்களை முதலில் வீட்டுக்குள்ளே கற்றுக்கொடுங்கள். கீழ்ப்படிந்தவுடன் அவித்த ஈரல் துண்டு ஒன்றைக் கொடுங்கள். அது நன்றாய்ப் பதிந்தபின் கோழி தெரியும் இடத்துக்குப் போங்கள். ஆனால் தூரத்தில் நில்லுங்கள். கோழியைக் கண்டு காதை நிமிர்த்தினாலும், அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதே, அந்தத் தூரந்தான் பள்ளிக்கூடம். திரும்பிப் பார்த்தவுடன் வெகுமதி கொடுங்கள். வாரக்கணக்கில் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் மீண்டும் தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

நான்காவது, அடிக்காதீர்கள். கோழி செத்தபின் அடித்தால், எதற்காக அடிபடுகிறோம் என்று நாய்க்கு விளங்காது. உங்கள் கைக்கு அஞ்சவும் உங்கள் கண்ணுக்கு மறைவாய்ச் செய்யவுமே கற்கும். செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டிவிட்டால் திருந்தும் என்று எனக்கும் ஒருவர் யோசனை சொன்னார். நாய்க்கு அதனால் துன்பமும் நாற்றமுமே மிச்சம், பாடம் ஒன்றுமில்லை.

ஐந்தாவது, நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போட்டுக் காரியம் முடிந்தது என்று இருக்காதீர்கள். ஓடவேண்டிய கால் ஓடாமல் கிடந்தால், அவிழ்த்த அன்று இரண்டு மடங்கு ஓடும். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் எடுத்த முயற்சியின் பலனாக வந்த 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயைத் தக்கபடி நடக்கவும் ஓடவும் விடாமலிருப்பதைக் குற்றமாகச் சொல்லுகிறது. காலையும் மாலையும் நடத்துங்கள். ஒரு பந்தை எறிந்து துரத்தவிடுங்கள். துரத்தும் ஆசைக்கு உயிரில்லாத இலக்கு ஒன்று கிடைக்கும்.

ஆறாவது, பிள்ளைகளைக் கவனியுங்கள். ஓணானைக் கண்டாலும் பூனையைக் கண்டாலும் "சூ... பிடி!" என்று நாயை ஏவி விட்டுக் கைதட்டும் பையன்கள் நம் தெருக்களில் இல்லையா? அங்கே இரண்டு பேர் பழகுகிறார்கள். ஒன்று நாய், மற்றொன்று உங்கள் மகன். நாய்க்குப் பாவமில்லை என்று முன்பே சொன்னேன். மகனைப்பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

டைகர் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கோழிக் கூட்டத்தின் அருகே கயிற்றோடு நடந்து போகிறது. ஒரு தடவை பார்க்கிறது. பிறகு ஈரல் துண்டுக்காக என் முகத்தைப் பார்க்கிறது. இருந்தாலும் அதைக் கோழிகளோடு தனியே விட எனக்குத் துணிவில்லை, விடவும் மாட்டேன். வேலியை ஆளுயரத்துக்குக் கட்டியாயிற்று. எவ்வளவு பழகிய நாயிடமும் இயற்கை தூங்குமேயொழிய இறந்துபோகாது. சில நாய்களை ஒருபோதும் நம்பிவிட முடியாது. அதையும் ஒப்புக்கொண்டு, நாயைக் கயிற்றிலும் குஞ்சைப் பஞ்சாரத்திலும் வைப்பதே விவேகம்.

இங்கே நாம் அறிந்த ஒரு பாடம் இருக்கிறது. பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, இனிப் பாவத்தை மட்டுமல்ல, பாவத்துக்கு ஏதுவான சமயங்களையும் விலக்குவோம் என்று பிரதிக்கினை செய்கிறோம். தன் பலவீனத்தை அறிந்தவனால்தான் அப்படிப் பிரதிக்கினை செய்ய முடியும். நாய்க்குத் தன் பலவீனம் தெரியாது. பிரதிக்கினை செய்ய அதற்கு வாயும் இல்லை. அதற்காக அந்தப் பிரதிக்கினையைச் செய்து நிறைவேற்ற வேண்டியவன் அதை வளர்ப்பவனே. சோறு போடுகிறவன் மட்டும் எஜமான் ஆகிவிடமாட்டான். தன்னைத் தானே அடக்க இயலாத ஓர் உயிருக்காக முன்யோசனையையும் அடக்கத்தையும் தான் சுமக்கிறவனே எஜமான்.

இப்போது அந்தச் சிறுவனுக்குப் பதில். தம்பி, நாய்க்குப் பாவம் இல்லை. உன் அப்பத்தாவின் கோழி செத்ததற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் உங்கள் சாமியார். அணில் செத்த அன்றே அவருக்குத் தெரியும், தெரிந்தும் சிரித்தார். இதை நீ கேட்ட அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. காணிக்கையோடு பீடத்தண்டை வந்தவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாக வேண்டுமென்று சேசுநாதர் போதித்தார். நம் பங்கில் ஒரு கோழியினாலோ ஓர் ஆட்டுக்குட்டியினாலோ பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு. அவை எவை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வருகிற ஞாயிற்றுக்குமுன் அந்த வாசலுக்குப் போங்கள். "என் நாய் செய்தது" என்று தொடங்காதீர்கள். "என் தவறு" என்று தொடங்குங்கள். கோழிக்குக் கோழி கொடுங்கள். வீடு திரும்பியதும் நாயை அடிக்காமல், கயிற்றை எடுத்துக்கொண்டு பழக்கத் தொடங்குங்கள்.

சர்வேசுரன் உங்களையும், உங்கள் இல்லங்களையும், அவற்றில் உங்களை நம்பி வாழும் வாயில்லா உயிர்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்கு சுவாமியார்,
திருவரங்குளம்.